முதுமையில் முதுகுவலி: படம் காட்டுவதும் உடல் செய்வதும்

விலா எலும்புகளின் கீழ்விளிம்பிலிருந்து பிட்டத்தின் கீழ்மடிப்பு வரையுள்ள பகுதியில் தோன்றும் வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்குமானால் அதை நாள்பட்ட கீழ்முதுகுவலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இடுப்புவலி என்றும், யாழ்ப்பாணத்தில் நாரிப்பிடிப்பு என்றும் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவே. நாள்பட்டதும் அல்லாததுமாக, 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகுவலியோடு வாழ்ந்தனர் என்றும், 2050க்குள் அவர்களின் எண்ணிக்கை 84.3 கோடியாகும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. மக்கள்தொகைப் பெருக்கமும் மக்களின் சராசரி வயது கூடுவதுமே இந்த உயர்வுக்குக் காரணம். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2021இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்று கணிக்கப்பட்டது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. ஆகவே முதியவரின் முதுகுவலி என்பது ஒரு தனிமனிதர் மருத்துவமனை வரிசையில் சுமந்து நிற்கும் துன்பம் மட்டுமன்று, ஒரு சமூகம் தன் முதியோரை எப்படி நடத்துகிறது என்பதோடு பிணைந்த செய்தியும் ஆகும்.

இந்தப் பெருங்கூட்டத்தில் எலும்பு முறிவு, தொற்று, புற்றுநோய், நரம்பு நசுங்குதல் என்று விரல் வைத்துச் சுட்டக்கூடிய காரணம் உள்ளவர்கள் சிறுபான்மையினர். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு அப்படியொரு தனிக் காரணத்தைச் சுட்ட முடிவதில்லை. காரணம் அகப்படாததால் வலி கற்பனை என்று ஆகிவிடாது. வலி உண்மை, அதனால் வரும் முடக்கமும் உண்மை. ஒரே ஓர் எலும்பின் மீதோ ஒரே ஒரு நரம்பின் மீதோ அதன் பழியைப் போட முடியாது என்பதே செய்தி. முதியவரின் முதுகுவலியை எடைபோட வேண்டிய அளவுகோல் அவர் ஒரு நாளில் எவ்வளவு நடமாடுகிறார், எந்தெந்த வேலைகளைத் தம் கையில் வைத்திருக்கிறார் என்பதாகும். ஸ்கேன் படத்தில் தெரியும் எலும்பின் தோற்றத்துக்கு அதில் இரண்டாம் இடமே உண்டு என்பது இவ்வுரையின் நிலைப்பாடு.

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்கிடையே வட்டுகள் அமைந்துள்ளன. பேச்சு வழக்கில் டிஸ்க் எனப்படுபவை இவையே. ஒவ்வொரு வட்டின் நடுவிலும் நீர் மிகுந்த கூழும், அதைச் சுற்றிப் பல அடுக்குகளாக நார் வளையமும் உண்டு. வளர்ந்த மனித உடலில் இரத்தக் குழாய்கள் ஊடுருவாத பகுதிகளில் மிகப் பெரியது இதுவேயாதலால், இதற்கான ஊட்டம் மேலும் கீழுமுள்ள எலும்புகளிலிருந்து மெல்ல ஊறித்தான் வந்தாக வேண்டும். படுத்திருக்கும் இரவில் வட்டு நீரை உறிஞ்சி உப்புகிறது. நின்றும் உட்கார்ந்தும் கழியும் பகலில் அந்த நீர் பிதுங்கி வெளியேறுகிறது. காலையில் அளந்த உயரம் மாலையில் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்திருப்பது இதனால்தான். எழுந்தவுடன் ஆழக் குனிவது பலருக்கு வலியைக் கூட்டுவதும் இந்த உப்பலோடு தொடர்புடையது. வாசல் தெளித்துக் குனிந்து கோலமிடும் வழக்கமுள்ள பாட்டி அந்த வேலையை விட்டுவிட வேண்டியதில்லை, வீட்டுக்குள் சற்று நேரம் நடமாடிய பிறகு வாசலுக்குப் போனால் போதும்.

வயது ஏற ஏற, கூழ் தன் நீரை நிரந்தரமாகவே இழக்கிறது, வட்டு தட்டையாகிறது, முள்ளெலும்புகளை முதுகுப்புறத்தில் இணைக்கும் சிறு மூட்டுகள் கூடுதல் சுமையை ஏற்கின்றன, எலும்பின் ஓரங்களில் முட்கள் போன்ற நீட்சிகள் வளர்கின்றன, முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் ஆழ்தசைகளில் கொழுப்பு படிகிறது. இம்மாற்றங்களை எல்லாம் சேர்த்துத்தான் தேய்மானம் என்கிறார்கள்.

தேய்மானத்துக்கும் வலிக்கும் உள்ள உறவு பலரும் நினைப்பதைவிட மிகத் தளர்வானது. இதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1895இல் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த பிறகு உயிரோடிருப்பவரின் முதுகெலும்பைப் பார்க்க முடிந்தது. 1934இல் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்துவதால் கால்வரை இறங்கும் வலி உண்டாகிறது என்பதையும், அதை வெட்டியெடுத்தால் வலி தீரக்கூடும் என்பதையும் நிறுவினர். அந்தக் கண்டுபிடிப்பு சரியானது, காலில் இறங்கும் நரம்புவலியைப் பொறுத்தவரை இன்றும் செல்லுபடியாவது. ஆனால் அதன் வெற்றி, எல்லா முதுகுவலிக்கும் பின்னால் ஒரு கெட்டுப்போன வட்டு இருந்தே தீரும் என்ற நம்பிக்கையை அரை நூற்றாண்டுக்கு மேல் ஊன்றிவிட்டது. காந்தப் புலத்தைக் கொண்டு மென்திசுக்களையும் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி வந்தபோது அந்த நம்பிக்கைக்குக் கண்ணால் காணும் சான்று கிடைத்துவிட்டதாகவே தோன்றியது.

அந்தக் கருவியே பிறகு அந்த நம்பிக்கையை அசைத்தது என்பதுதான் சுவையான திருப்பம். முதுகுவலியோ கால்வரை பரவும் நரம்புவலியோ வந்திராத 67 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த போடன் குழுவினரின் ஆய்வு 1990இல் வெளியானது. அவர்களில் 60 வயதைக் கடந்தோரில் 57 சதவீதம் பேரின் படங்கள் இயல்புக்கு மாறாக இருந்தன. 36 சதவீதம் பேருக்கு வட்டுப் பிதுக்கமும், 21 சதவீதம் பேருக்கு நரம்புகள் செல்லும் கால்வாய் குறுகியிருப்பதும் தெரிந்தன. அவர்கள் யாரும் வலியால் வந்தவர்கள் அல்லர். 2015இல் 33 ஆய்வுகளைத் தொகுத்து, வலியில்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்த மற்றொரு குழு, வட்டுத் தேய்மானம் 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் காணப்படுவதாகக் கணக்கிட்டது. எழுபத்தைந்து வயதுக்காரரின் முதுகுப் படத்தில் தேய்மானம் தெரிவதில் வியப்பொன்றுமில்லை. தெரியாவிட்டால்தான் வியக்க வேண்டும்.

இருந்தும் ஸ்கேன் மையத்திலிருந்து உறையில் வரும் அறிக்கை இந்தச் செய்தியைச் சொல்வதில்லை. எந்தெந்த இடத்தில் வட்டு பிதுங்கியிருக்கிறது, எங்கே நரம்பு அழுந்துகிறது என்று அது எண்களோடு பட்டியலிடுகிறது. அந்த வயதில் வலியில்லாதவர்களில் எத்தனை பேருக்கு அதே தோற்றம் இருக்கும் என்ற ஒரு வரி அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. வீட்டில் படித்த பிள்ளையோ பேத்தியோ அதை உரக்கப் படித்ததும் முதியவரின் முதுகு ஒரே மாலையில் உடையக்கூடிய பொருளாகிவிடுகிறது. தண்ணீர்க் குடம் அவர் கையிலிருந்து வாங்கப்படுகிறது. கோயிலுக்குப் போகும் நடை நிற்கிறது. குனியாதே, தூக்காதே, தரையில் உட்காராதே என்ற கட்டளைகள் அன்பின் பெயரால் தொடங்குகின்றன. அந்த அறிக்கைக்கு முந்தைய நாள் அதே முதுகோடு அவர் அந்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தார் என்பதை யாரும் நினைப்பதில்லை.

படத்தைத் தேவையின்றி எடுக்கலாகாது என்பதால் எப்போதுமே எடுக்கக்கூடாது என்று ஆகாது. முதுமையில் சில குறிகள் தாமதம் பொறுக்காதவை. எலும்பின் திண்மை குறைந்து அது எளிதில் நொறுங்கக்கூடியதாகிவிடும் ஆஸ்டியோபொரோசிஸ் நோயில், தும்மினாலோ வாளியைத் தூக்கினாலோகூட முள்ளெலும்பு நசுங்கி முறியலாம். மாதவிடாய் நின்ற பெண்களிடமும், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களிடமும் இது மிகுதி. இரவில் படுத்தாலும் தணியாத வலி, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவை எலும்புக்குப் பரவிய புற்றுநோயையோ முதுகெலும்புக் காசநோயையோ சுட்டக்கூடும். காசநோய் இன்னும் நீங்காத நாட்டில் இரண்டாவதை மறந்துவிடுவது ஆபத்து. சிறுநீர் அடைபடுதல் அல்லது அறியாமல் கழிதல், மலம் கட்டுக்கடங்காமை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், கால்கள் வேகமாக வலுவிழத்தல் ஆகியவை நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள். இவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதுமைக்கே சிறப்பாக உரிய மற்றொன்று கால்வாய்ச் சுருக்கம். நரம்புகள் செல்லும் எலும்புக் கால்வாய் குறுகிவிடுவதால், நிற்கும்போதும் நடக்கும்போதும் பிட்டத்திலும் தொடையிலும் கனமும் வலியும் மரப்பும் ஏறுகின்றன; உட்கார்ந்தாலோ முன்பக்கம் சாய்ந்தாலோ கால்வாய் சற்று விரிவதால் அவை சில நிமிடங்களில் அடங்குகின்றன. ஐம்பது அடி நடக்க முடியாதவர் மைல் கணக்கில் மிதிவண்டி ஓட்டுவதும், தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் நெடுந்தூரம் போவதும் இந்நோயில் காணப்படும் புதிர்கள். கால் இரத்தக் குழாய் அடைப்பினாலும் நடக்கையில் வலி வருமாயினும், அது வெறுமனே நின்றாலே தணிந்துவிடும். கால்வாய்ச் சுருக்க வலி தணிய உட்காரவோ குனியவோ வேண்டும். படத்தைவிட, வலி எப்படித் தணிகிறது என்ற கேள்விக்கு முதியவர் சொல்லும் பதிலே நோயை விரைவில் பிரித்துக் காட்டுகிறது. நடை பெரிதும் குறைந்துபோய் மற்ற வழிகள் பயனளிக்காதபோது இவ்வகையினரில் சிலருக்கு அறுவை மருத்துவம் உண்மையில் உதவுகிறது.

மீதமுள்ள பெரும்பான்மையினரிடம் வலி ஏன் மாதங்களையும் ஆண்டுகளையும் கடந்து நீடிக்கிறது என்ற கேள்வி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இட்டுச்செல்கிறது. 1965இல் மெல்சாக், வால் என்னும் இருவர் முன்வைத்த வாயிற் கோட்பாடு, உடலிலிருந்து வரும் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே கூட்டப்படவோ குறைக்கப்படவோ செய்கிறது என்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகளுக்கும் அதில் பங்குண்டு என்றும் கூறியது. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அதன் அடிக்கருத்து நிலைத்துவிட்டது. தொடர்ந்து வலிச் செய்தி வந்துகொண்டேயிருந்தால் நரம்பு மண்டலம் கூருணர்வு பெற்று, முன்பு வலிக்காத தொடுதலையும் அசைவையும்கூட வலியாகப் பதிவுசெய்யத் தொடங்குகிறது. துணையை இழந்த துயரம், உறக்கமின்மை, மனச்சோர்வு, ஒரு நாள் படுத்த படுக்கையாகிவிடுவோமோ என்ற அச்சம் ஆகியவை இந்தக் கூருணர்வை வளர்க்கின்றன. வலி மனத்தில் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. மனம் உடலின் நரம்புகளின் வழியாகவே வேலை செய்கிறது.

ஓய்வின் வரலாறும் படத்தின் வரலாற்றைப் போலவே தலைகீழாகத் திரும்பியது. பலகைக் கட்டிலில் வாரக்கணக்கில் படுத்திருப்பதே ஒரு காலத்தில் மருத்துவம். 1995இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடையே நடந்த சோதனையில், திடீர் முதுகுவலி வந்தவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்திருந்தனர், மற்றொரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தனர், மூன்றாம் பிரிவினர் வலி பொறுத்த அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தனர். விரைவில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். அவர்கள் உழைக்கும் வயதினர். முதியவருக்குப் படுக்கை கேட்கும் விலை இன்னும் அதிகம்: உடல்நலமுள்ள முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த, 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களின் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோனது. இளையவர் இழந்ததை மீட்கும் வேகத்தில் முதியவரால் மீட்க முடியாது. தொடையும் பிட்டமும் மெலிந்தவர் நாற்காலியிலிருந்து எழும்போது முதுகை வளைத்து உந்தி எழுகிறார், முதுகு வலிக்கிறது, வலிப்பதால் எழுவதைக் குறைக்கிறார், குறைத்ததால் மேலும் மெலிகிறார்.

இந்தச் சுழலில் குடும்பத்தின் பங்கை மருத்துவ நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை. தமிழ்க் குடும்பத்தில் பெரியவரை வேலை வாங்காமல் உட்காரவைத்துச் சோறு போடுவது பிள்ளைகளின் பெருமை. மாமியார் பாத்திரம் தேய்த்தால் மருமகளுக்கு ஊரில் கெட்ட பெயர். ஆகவே முதுகுவலி என்று ஒருமுறை சொன்ன முதியவரிடமிருந்து கீரை ஆய்வது முதல் ரேஷன் கடைக்குப் போவது வரை எல்லா வேலைகளும் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. வேலை போனதும் நடை போகிறது, அதனோடு சேர்ந்து அண்டை வீட்டாரின் பேச்சும், வீட்டில் தமக்கொரு பொறுப்பு உண்டு என்ற எண்ணமும் போகின்றன. எஞ்சியிருப்பது வலியைக் கவனித்துக்கொண்டிருக்கும் வேலை ஒன்றே. இதைக் கொடுமை என்று சொல்ல முடியாது, அதில் உள்ளது முழுக்க அன்பு. அதனால்தான் அதை எதிர்த்துப் பேச முதியவராலும் முடிவதில்லை. சமூக நம்பிக்கையை மாற்ற முடியும் என்பதற்குச் சான்று உண்டு: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் தொலைக்காட்சி வழியாக, முதுகுவலியோடும் நடமாடலாம், வேலை செய்யலாம் என்று பரப்புரை செய்தபோது பொதுமக்கள், மருத்துவர்கள் இரு சாராரின் எண்ணங்களும் மாறின, முதுகுவலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன, அத்தகைய பரப்புரை நடக்காத நியூ சவுத் வேல்ஸில் எண்ணங்கள் அவ்வாறு மாறவில்லை.

உடலை மீட்பதற்கு வயது தடையாகிவிடுவதில்லை. 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய நலிந்த பத்துப் பேர் எட்டு வாரங்கள் கால்களுக்குப் பளுப்பயிற்சி செய்தனர். முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 2024இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனை ஒன்றில், முதுகுவலியிலிருந்து தேறிய 701 பேரில் படிப்படியாக நடையைக் கூட்டும்படி இயன்முறை மருத்துவர் வழிகாட்டிய பிரிவினருக்கு வலி மீண்டும் வரும்வரை கிடைத்த இடைவெளி இடைநிலை மதிப்பில் 208 நாட்கள். மற்றவர்களுக்கு 112 நாட்கள். செலவோ கருவியோ கேட்காத மருத்துவம் நடை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளை ஊன்றாமல் எழுவதைச் சில முறை திரும்பச் செய்வது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது ஆகியவையும் அத்தகையவை. தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் உள்ளவரைக் கட்டாயமாக நாற்காலிக்கு மாற்றுவதும் எப்போதும் நன்மையன்று. மூட்டு இடம் கொடுக்குமானால் அந்த எழுச்சியே ஒரு பயிற்சி.

பயிற்சி தோற்கும் இடம் பெரும்பாலும் அளவில்தான். வலி குறைந்த நாளில் பரணை ஒழித்து, துணி துவைத்து, சந்தைக்கும் போய்வந்து, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடந்து, பிறகு பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது வழக்கமான போக்கு. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறத்தாழ ஒரே அளவு செய்து, அந்த அளவை வாரத்துக்கு வாரம் சிறிதாகக் கூட்டுவதே வழி. பயிற்சிக்குப் பின் சற்றுக் கூடி மறுநாள் தணிந்துவிடும் வலி பொதுவாகத் தீங்கின் அடையாளமன்று என்பதைத் தொடக்கத்திலேயே விளக்கிச் சொல்லாத மருத்துவரிடம் முதியவர் இரண்டாம் முறை வருவதில்லை.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அவை செய்யக்கூடியது சுருக்கமானதே. அழற்சி தணிக்கும் வலி மாத்திரைகள் ஓரளவு உதவுகின்றன. ஆனால் முதியவரின் சிறுநீரகம், இரைப்பை, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் அவை தாக்கக்கூடுமாதலால் குறைந்த அளவில் குறைந்த நாட்களுக்கே பொருந்தும். நரம்பு மாத்திரை என்று எழுதித்தரப்படும் பிரிகாபலின் போன்றவை தலைச்சுற்றலையும் தடுமாற்றத்தையும் தந்து, முதுகுவலியோடு வந்தவரை இடுப்பெலும்பு முறிவோடு திருப்பி அனுப்பக்கூடும். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் கலவை மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் வலி உடனே பறந்துவிடும், எலும்பு மெல்லக் கரையும். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை, மசாஜ் போன்ற கைவழி மருத்துவம் ஆகியவற்றைத் தரலாமென்றும், இடுப்பு பெல்ட், இழுவை, அல்ட்ராசவுண்ட், தோல்வழி மின்தூண்டல், அபின் வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாமென்றும் கூறுகிறது. கரண்ட் வைப்பதும் இழுவை போடுவதுமே இயன்முறை மருத்துவம் என்று நம்பும் ஊர்களில் இந்தப் பட்டியல் சங்கடமானது. வெந்நீர் ஒத்தடமும் நொச்சி இலை வேதும் தற்காலிக இதம் தரலாம். உணர்ச்சி மரத்த தோலில் சூடு பட்டுக் கொப்பளிக்காதபடி, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இதமான அரை மணி நேரத்தைப் படுப்பதற்குச் செலவிடாமல் நடப்பதற்குச் செலவிட்டால் ஒத்தடத்துக்கு மதிப்பு கூடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார் என்பது இவ்வகையில் பெரிய வாய்ப்பு. மருத்துவமனை மேசையில் தெரியாதவை வீட்டில் தெரிகின்றன: கட்டில் எவ்வளவு தாழ்வு, குளியலறையில் பிடிமானம் உண்டா, பாட்டி எந்த வேலையை விட்டுவிட்டார், அதை நிறுத்தியவர் யார். வந்தவர் முதியவரின் காலை மட்டும் நீட்டி மடக்கிவிட்டுப் போகாமல் மருமகளையும் மகனையும் உட்காரவைத்துப் பேசினால் அந்த வருகையின் பயன் இரட்டிப்பாகும்.

வீட்டுக்கு வெளியே நடை நிற்கும் இடங்களும் உண்டு. கால்வாய்ச் சுருக்கம் உள்ளவருக்குக் கடைத்தெருவில் நூறடிக்கு ஒரு முறை உட்காரத் திண்ணை வேண்டும். பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு இருந்த திண்ணைகளை இடித்து வண்டி நிறுத்துமிடமாக்கிய பிறகு அந்தத் தூரத்தை நடக்க அவருக்கு வழியில்லை. பேருந்தின் உயரமான படியும் அத்தகைய இடமே. சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024இல் மீண்டும் ஓடத் தொடங்கின. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை சென்று கேட்டதன் பயனை முதுகுவலியுள்ள முதியவரும் பெறுகிறார். நகரத்தை விட்டு வெளியேறிவிட்டால் பெரும்பாலான பேருந்துகளின் முதற்படி இன்னும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. மகளிருக்குப் பயணம் கட்டணமில்லாததாக இருந்தும், அந்தப் படியில் ஏற முடியாத மூதாட்டிக்கு அச்சலுகை எட்டுவதில்லை.